ஓர்வியேட்டோ: பாறை மேல் ஒரு பழைய ஊர், அதன் கட்டடங்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரோமிலிருந்து வடக்கே ரயிலில் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கழிந்ததும் இடது பக்க ஜன்னலைப் பார்க்க வேண்டும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, நாலா பக்கமும் செங்குத்தாகச் செதுக்கி வைத்தது போல ஒரு பழுப்புப் பாறை எழுந்து நிற்கும். அதன் தலையில் ஒரு முழு ஊர். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. அதுதான் ஓர்வியேட்டோ. உம்ப்ரியா மாநிலத்தில், சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்து சுமார் 20,000 பேர் வாழும் சிற்றூர்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் இறங்கி, நேராக டுவோமோ என்கிற பேராலயத்துக்குப் போய், முன்னால் நின்று படம் எடுத்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். காலை பத்து மணி. பேராலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது, வெயிலோ அதன் முதுகுக்குப் பின்னால். தங்க மொசைக் எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தன. இதற்கா இத்தனை பேச்சு என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். குறை கட்டடத்தில் இல்லை, நான் போன வரிசையில் என்பது அடுத்த தடவைதான் புரிந்தது.

இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கல்லை, அப்புறம்தான் கட்டடத்தை. வீடு, கோபுரம், மதில் என்று இங்கே நிற்பதில் பெரும்பகுதி காலடியிலிருந்தே தோண்டி எடுத்த கல்லால் ஆனது. மேலே ஒரு சுவர் எழுந்தால் கீழே ஒரு குழி விழுந்திருக்கிறது. கீழே இறங்கிப் பார்த்தபிறகு மேலே நிமிர்ந்தால் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். அதற்கு ஏற்ற வரிசையைத்தான் கீழே தருகிறேன். ஒரு முழு நாளும் மறுநாள் காலையும் வேண்டும்.

கிளம்பும் முன்

ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து ரெஜியோனாலே எனப்படும் சாதாரண ரயிலில் ஏறுங்கள். ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை இங்கே நிற்காமல் போய்விடும். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

முக்கியமான இடங்களுக்கெல்லாம் சேர்த்து கார்ட்டா உனிகா என்று ஒரு பொதுச் சீட்டு விற்கிறார்கள். நாலைந்து இடம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதுவே லாபம். விலையும் திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் போகும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைகளில் பேராலயத்தில் பூசை நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். கோடையானாலும் ஒரு மெல்லிய சட்டை கூடுதலாக இருக்கட்டும், நிலத்தடியில் குளிரும். தோளும் முழங்காலும் மூடிய உடை பேராலயத்துக்குத் தேவை. செருப்பைவிட ஷூ நல்லது. ஒரே நாளில் எண்ணூறு படிக்கு மேல் ஏறி இறங்கப் போகிறீர்கள்.

வரலாற்றில் இந்த ஒரு பத்தி மட்டும் மனதில் இருந்தால் போதும். ரோமானியருக்கு முன் மத்திய இத்தாலியில் ஓங்கியிருந்த எட்ருஸ்கர்களின் காலத்தில் இவ்வூர் வெல்ஸ்னா என்ற செழிப்பான நகரம். கி.மு. 264இல் ரோமானியர் இதை அழித்து, மக்களைப் பக்கத்தில் பொல்சேனா ஏரிக்கரைக்குக் குடிபெயர்த்தார்கள். அப்போது 2,000 சிலைகளைக் கொள்ளையடித்துப் போனதாகப் பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிந்திருக்கிறார். பிற்காலத்தில் பாறை மேல் மறுபடியும் ஊர் எழுந்தபோது ‘பழைய நகரம்’ என்ற பொருளில் லத்தீனில் ஊர்ப்ஸ் வேட்டுஸ் என்றார்கள். அது திரிந்து ஓர்வியேட்டோ ஆனது. இடைக்காலத்தில் ரோமில் கலகம் வந்தால் போப்புகள் ஓடிவந்து தங்கும் இடமாக இந்தப் பாறை இருந்தது. மேலே பெரிய கட்டடங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் படி: இழுவை ரயிலில் ஏறி, கோட்டைக்கு

ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ஃபூனிகொலாரே என்கிற இழுவை ரயில் இருக்கிறது. 1888இல் ஓடத் தொடங்கியபோது இதற்கு நிலக்கரியும் வேண்டியிருக்கவில்லை, மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அதன் எடையில் அது கீழே இறங்க, கம்பியின் மறுமுனையில் கட்டிய பெட்டி மேலே ஏறும். 1970இல் நின்றுபோய், 1990இல் மின்சாரத்தில் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. தூரம் 580 மீட்டர்தான். கடைசிப் பகுதியில் ஒரு சுரங்கம் வரும். அப்போது நீங்கள் ஒரு கோட்டையின் அடியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

வெளியே வந்ததும் இடப்பக்கம் அந்த அல்போர்னோஸ் கோட்டை. போப்பின் நிலங்களை மீட்க அனுப்பப்பட்ட கர்தினால் அல்போர்னோஸ் 1364இல் கட்டச் சொன்னது. சில பத்தாண்டுகளிலேயே ஊர்ச் சண்டையில் இடிந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் திரும்ப எழுந்தது. இன்று உள்ளே பூங்காதான். கோட்டை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மதில் ஓரம் நின்று கீழே பாலியா ஆற்றுச் சமவெளியைப் பார்த்தால், இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள ஏன் அவ்வளவு அடித்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். பத்து நிமிடம் போதும்.

பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவில் பெல்வெடேரே என்கிற எட்ருஸ்கக் கோயிலின் அடித்தளம் திறந்த வெளியில் கிடக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தது, 1828இல் சாலை போடும்போது அகப்பட்டது. படிக்கட்டும் தூண்களின் அடிப்பாகமும் மட்டும் மிச்சம். அவசரமானவர்கள் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது படி: கிணற்றில் இறங்குங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. புனித பேட்ரிக் கிணறு, இத்தாலியத்தில் போட்ஸோ தி சான் பத்ரிட்ஸியோ. என்னைக் கேட்டால் ஓர்வியேட்டோவின் மிக அழகான கட்டடம் இதுதான். நிலத்துக்கு மேலே கட்டாமல் நிலத்துக்குள் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

1527இல் பேரரசன் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. போப் ஏழாம் கிளமென்ட் சான்ட் ஆஞ்சலோ கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, டிசம்பரில் தப்பி இங்கே வந்தார். பாறை மேல் எதிரி ஏற முடியாது, சரி. ஆனால் முற்றுகை போட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது? அந்தக் கவலையில் பிறந்தது இந்தக் கிணறு. கட்டியவர் அந்தோனியோ தா சாங்கல்லோ இளையவர். வேலை முடிந்தது 1537இல், அதற்குள் கிளமென்ட் இறந்து மூன்றாம் பால் போப்பாகியிருந்தார்.

ஆழம் சுமார் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். சிக்கல் என்னவென்றால், இவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு ஊருக்கே தண்ணீர் கொண்டுவர வாளியும் கயிறும் போதாது. கோவேறு கழுதைகள் கீழே போக வேண்டும். இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் குறுகலான படியில் எதிரெதிரே வந்தால்? சாங்கல்லோ இரண்டு சுருள் பாதைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிவிட்டார். ஒன்றில் இறங்கினால் அடியில் ஒரு சிறு பாலம். அதைக் கடந்தால் இன்னொன்றில் ஏறி வேறு வாசல் வழியாக வெளியே வரலாம். ஒவ்வொன்றிலும் 248 படிகள். இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை.

இறங்கும்போது படிகளைக் கவனியுங்கள். அகலமாக, உயரம் குறைவாக, கழுதைக் காலுக்கு அளவெடுத்தது. நடுக் குழாயைப் பார்த்து வரிசையாக 70 ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. கட்டியபோது வெளிச்சத்துக்கு நம்பியது மேல் வாயிலிருந்து விழும் பகலைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு பிடி குறையும். எதிர்ச் சுவரின் ஜன்னலில் யாரோ ஏறிக்கொண்டிருப்பது தெரியும். கையசைத்தால் அவரும் அசைப்பார், ஆனால் அடிவரை இறங்காமல் நீங்கள் அவர் பாதையை அடைய முடியாது.

பாதி வழியில் சுவரை உற்றுப் பாருங்கள். மேல் பகுதி பாறையைக் குடைந்தது. தூஃபோ என்று இத்தாலியர்கள் சொல்லும், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான கல் அது. ஓரிடத்தில் அது நின்றுபோய்ச் செங்கல் கட்டுமானம் ஆரம்பிக்கும். தூஃபோ முடிந்து களிமண் தொடங்குகிறது என்று அர்த்தம். மழைநீர் மேல் கல்லில் ஊறிக் கீழே இறங்கும், களிமண் அதை விடாது. ஆகவே பாறையின் உச்சியில் தண்ணீர் இல்லை, அடிவாரத்தில்தான் ஊற்று. மொத்த ஊரின் கதையையும் அந்த ஒரு கோட்டில் படித்துவிடலாம். வாசலில் உள்ள லத்தீன் கல்வெட்டும் இதைத்தான் சொல்கிறது: பாதுகாப்புக்கு இயற்கை எதைத் தர மறுத்ததோ அதை உழைப்பு சேர்த்துக்கொடுத்தது என்று.

பேட்ரிக் இங்கே எங்கிருந்து வந்தார்? அயர்லாந்தில் அவர் பேரில் அடியே தெரியாத ஒரு குகை உண்டு என்பது ஐரோப்பா முழுக்கப் பரவிய கதை. அந்தப் பெயர் பிற்பாடு இதற்கு ஒட்டிக்கொண்டது. அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் என்று நாம் சொல்லும் இடத்தில் இத்தாலியர்கள் இந்தக் கிணற்றைச் சொல்வார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். நடுவில் திரும்பிவர முடியாது என்றில்லை, ஆனால் லிஃப்ட் கிடையாது.

மூன்றாவது படி: கடைத்தெரு வழியே மோரோ கோபுரத்துக்கு

இழுவை ரயில் நிற்கும் இடத்திலிருந்து கொர்ஸோ கவூர் என்ற தெரு மேற்கே, ஊருக்குள் போகிறது. சின்ன பஸ் ஒன்று நேரே பேராலயத்துக்குக் கூட்டிப்போகும். அதில் ஏறாதீர்கள். நடந்தால் இருபது நிமிடத்துக்குள் தெருக்கள் கூடும் இடத்தில் தோர்ரே தெல் மோரோ வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்த, 47 மீட்டர் உயரச் சதுரக் கோபுரம். ஒரு பகுதி தூரத்துக்கு லிஃப்ட் உண்டு, மீதி படி. உச்சியில் பெரிய மணி ஒன்று தொங்குகிறது. அதன் உடம்பில் இடைக்காலத்து ஊர்க் கைவினைச் சங்கங்களின் சின்னங்களை வார்த்திருக்கிறார்கள். மணி அடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காது இரைச்சல் அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

மேலேயிருந்து பார்த்தால் ஊரின் வடிவம் முழுசாகப் பிடிபடும். கூரை, சுவர், பாறை எல்லாம் ஒரே பழுப்பு. அதற்கு நடுவில் ஒன்று மட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு நிற்கும். அது பேராலயம். இன்னும் கிட்டப் போகாதீர்கள்.

கோபுரத்துக்கு வடக்கே ஒரு நிமிட நடையில் பலாட்ஸோ தெல் பொபொலோ, மக்கள் மாளிகை. தூஃபோவில் இவ்வளவு கம்பீரமும் வரும் என்பதற்கு இதன் வெளிப் படிக்கட்டும் ஜன்னல் வளைவுகளும் சாட்சி. உள்ளே இப்போது மாநாட்டு அரங்கம். மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் ரெப்புப்ளிகா சதுக்கத்தில் சான்ட் ஆந்த்ரேயா தேவாலயம், பன்னிரண்டு பக்கம் கொண்ட மணிக்கூண்டோடு. மணிக்கூண்டு 1920களில் நிறையவே திருத்தப்பட்டது, அதனால்தான் அத்தனை கச்சிதம். இந்த ஆலயத்தின் தரைக்குக் கீழே இன்னொரு ஆலயத்தின் மொசைக் தரை இருக்கிறது, அதற்கும் கீழே எட்ருஸ்கக் காலத்து மிச்சங்கள். அடுக்கடுக்காக ஊர் கிடக்கும் விதம் இங்கே கண்ணுக்கே தெரியும்.

நான்காவது படி: நிலத்தடி

மதியத்துக்குள் ஓர்வியேட்டோ அண்டர்கிரவுண்ட் சுற்றுலாவை முடித்துவிட வேண்டும். பேராலயச் சதுக்கத்திலிருந்து வழிகாட்டியோடுதான் கிளம்ப முடியும், ஒரு மணி நேரம் ஆகும். ஆங்கிலத்திலும் உண்டு. காலையிலேயே இடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். சதுக்கத்துக்கு வந்துதானே ஆக வேண்டும், முகப்பைப் பார்க்காமல் எப்படி என்று கேட்பீர்கள். பாருங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பாறைக்குள் இதுவரை சுமார் 1,200 குகைகளையும் அறைகளையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். கூட்டிப்போவது இரண்டு மூன்றுக்குத்தான். ஆலிவ் செக்கு இருந்த ஒரு குகை வரும். செக்குக் கல் இன்னும் அங்கேயே. அடுத்து, சுவர் முழுக்கக் கைப்பிடி அளவு சதுர மாடங்கள் வரிசையாகக் குடைந்த அறை. புறாக் கூடுகள் அவை. பாறை விளிம்பில் ஒரு திறப்பு வைத்துவிட்டால் புறாக்கள் தாமே வெளியே போய்த் தீனி தேடித் திரும்பிவரும். தீனிச் செலவு இல்லாமல் வீட்டுக்குள் கறி, முற்றுகை வந்தாலும் கவலை இல்லை.

எனக்கு மறக்காதது எட்ருஸ்கக் கிணறுதான். ஒரு ஆள் உடம்பு நுழையும் அகலத்தில் நீள்சதுரமாக நேரே கீழே போகும் குழி. இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கச் சிறு பள்ளங்கள், எதிரெதிரே, அடிவரைக்கும். கால்களை அந்தப் பள்ளங்களில் மாற்றி மாற்றி வைத்து இறங்கித் தோண்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு சாங்கல்லோ 13 மீட்டர் அகலத்தில் செய்ததும் இதே வேலைதான், இதே தண்ணீருக்காக. காலையில் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கே இந்த இடத்தில் சிலிர்க்கும்.

இத்தனை ஓட்டை போட்ட பாறை சும்மா இருக்குமா? ஓரங்கள் சரிய ஆரம்பித்தன. 1970களில் நிலைமை முற்றியபோது, பாறையைக் காப்பாற்ற 1978இல் இத்தாலிய அரசு ஒரு தனிச் சட்டமே போட்டது. இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தி, வடிகால்களைச் சீர்செய்து இறுக்கினார்கள். பழைய ஊர் இன்று மேலே நிற்பதில் அந்த இரும்புக்கும் பங்கு உண்டு.

சாப்பாடு முடித்து, ஒரு டம்ளர் உள்ளூர் வெள்ளை வைன் குடிக்கிறவர்கள் குடிக்கலாம். அதுவும் இந்தக் குகைகளின் குளிரில் வளர்ந்ததுதான். மூன்றரை மணிக்கு மேல் எழுந்தால் போதும்.

ஐந்தாவது படி: இப்போது டுவோமோ

வெயில் நேர் எதிரே வந்திருக்கும். காலையில் செத்துக் கிடந்த முகப்பு பற்றி எரியும். இதற்காகத்தான் உங்களைக் காக்க வைத்தேன்.

அடிக்கல் நட்டது 1290 நவம்பர் 13, போப் நான்காம் நிக்கொலாஸ் கையால். 1263இல் பக்கத்து பொல்சேனாவில் பூசையின்போது, இயேசுவின் உடலாகக் கருதும் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத் துணியில் படிந்தது என்றும், அந்தத் துணிக்காகவே இந்த ஆலயம் எழுந்தது என்றும் இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். 1264இல் போப் நான்காம் ஊர்பன் இந்த ஊரிலிருந்துதான் திருவுடல் திருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் அறிவித்தார். இன்றும் அந்தத் திருவிழாவில், பெரும்பாலும் ஜூன் மாதத்தில், பழைய உடைகளில் பவனி போகிறார்கள்.

சிற்பி லொரென்ட்ஸோ மைத்தானி சியேனாவிலிருந்து வந்து, 1310இல் தலைமைக் கட்டடக்காரராகி, 1330இல் இறக்கும்வரை இதிலேயே இருந்தார். மூன்று முக்கோண முகடுகளோடு நாம் பார்க்கும் முகப்பு அவர் காலத்து எண்ணம். தோல் தாளில் வரைந்த அந்தப் பழைய வரைபடம் இன்றும் பேராலயத்தின் ஆவணங்களில் இருக்கிறது. நடு வட்ட ஜன்னல் பின்னால் வந்த ஓர்க்கான்யாவின் கைவேலை.

எல்லோரும் மேலே மொசைக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் கண்ணைக் கீழே இறக்குங்கள். மொசைக்குகளைப் பலமுறை பிரித்துப் புதிதாகப் பதித்துவிட்டார்கள். பழையவற்றில் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. மூல முகப்பு பத்திரமாக இருப்பது வாசல்களுக்கு இடையே உள்ள நான்கு அகலத் தூண் சுவர்களில். இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதலில் உலகப் படைப்பு, இரண்டாவதில் இயேசுவின் முன்னோரான ஈசாயின் வம்ச மரமும் இறைவாக்கினரும், மூன்றாவதில் இயேசுவின் வாழ்க்கை, நாலாவதில் இறுதித் தீர்ப்பு. சலவைக்கல்லில் கொடிகள் கிளைத்து ஏறிக் காட்சிகளைப் பிரிக்கின்றன.

முதல் சுவரில் ஏவாள் பிறக்கும் இடத்தில் நில்லுங்கள். ஆதாம் அசந்து தூங்குகிறான். கடவுள் குனிந்து அவன் விலாவைத் திறக்கிறார், அறுவை மருத்துவர் மாதிரி, வலிக்காமல். அடுத்த காட்சியில் அதே விலாவிலிருந்து ஏவாள் எழுகிறாள், ஆதாம் இன்னும் தூக்கத்தில். நாலாவது சுவரின் அடியில் அந்த மென்மையே இல்லை. பேய்களும் பாம்புகளும் கவ்வ, உடல்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. உச்சி வரிசைகளில் சில இடங்கள் மெருகேறாமல் உளித் தழும்போடு நிற்கின்றன. கீழேயிருந்து மேலே பார்வையை ஏற்றினால், ஒரு சிற்பம் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டி முழுமை பெறுகிறது என்பதைப் பாடம் போலப் பார்க்கலாம்.

வெண்கலக் கதவுகள் எமிலியோ கிரேக்கோ செய்தவை, 1970இல் மாட்டினார்கள். அப்போது பெரிய எதிர்ப்பு. எனக்கும் அவை ஒட்டவில்லை.

பக்கவாட்டுக்குப் போய்ப் பட்டைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளை டிராவர்டைன், கறுப்பு பசால்ட். ஊரே தன் காலடிக் கல்லில் நிற்க, இது ஒன்று மட்டும் பாறைக்கு வெளியிலிருந்து கல் கொண்டுவந்து போர்த்திக்கொண்டிருக்கிறது. கோபுரத்திலிருந்து ஏன் தனியாகத் தெரிந்தது என்பதற்கு விடை இது.

சதுக்கத்தின் மூலையில் சின்ன மணிக்கூண்டு ஒன்று உண்டு. அதன் மேல் மௌரிட்ஸியோ என்கிற வெண்கல மனிதன், மணிக்கு மணி சுத்தியலால் அடிப்பான். பேராலய வேலையாட்களின் நேரத்தைக் கணக்கிட 1348 வாக்கில் வைத்தது. ஐந்து மணியை அவன் அடிப்பதைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே வெளிச்சம் தேன் நிறத்தில் இருக்கும். ஜன்னல்களின் கீழ்ப்பகுதியில் கண்ணாடிக்குப் பதில் மெல்லியதாகச் சீவிய அலபாஸ்டர் கல் பதித்திருப்பதால் வந்த நிறம். நடுவில் தூண்களின் ஓரமாக நிற்கும் பன்னிரு சீடர்களின் பெரிய சிலைகளை 1897இல் ‘ஆலயத்தின் பழமைக்குப் பொருந்தவில்லை’ என்று வெளியேற்றியிருந்தார்கள். 2019இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். பீடத்தருகே சிற்பி மோக்கி செதுக்கிய வானதூதரும் மரியாளும் அவற்றோடு திரும்பியவர்களே. இடது பக்கச் சிற்றாலயத்தில் அந்தப் பீடத் துணி இருக்கிறது. அதை வைக்க உகொலீனோ தி வியேரி 1338இல் முடித்த வெள்ளிப் பேழை, பேராலய முகப்பின் குட்டி வடிவம் போல இருக்கும்.

வலது பக்கம் சான் பிரிட்ஸியோ சிற்றாலயம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1447இல் துறவி ஓவியர் ஃபிரா ஆஞ்சலிக்கோ கூரையில் கொஞ்சம் வரைந்துவிட்டு ரோமுக்குப் போனவர் திரும்பவில்லை. ஐம்பது வருஷம் அப்படியே கிடந்தது. ஓவியர் பெருஜினோவைக் கேட்டுக் கேட்டு அலுத்தபிறகு, 1499இல் லூக்கா சின்யோரெல்லியிடம் வந்தார்கள். அக்கால நாணயத்தில் கூரைக்கு 180 டுக்கட், சுவர்களுக்கு 575, அதோடு தானியமும் வைனும் என்று பேச்சு. 1504இல் உலக முடிவு முழுவதையும் சுவரில் இறக்கி வைத்துவிட்டார்.

நுழைந்ததும் இடப்பக்கம் பொய்க் கிறிஸ்து பிரசங்கம் செய்கிறான். முகம் இயேசுவே போல. சாத்தான் பின்னாலிருந்து காதில் ஓதுகிறான். அவன் கை எங்கே என்று தேடுங்கள். பொய்க் கிறிஸ்துவின் மேலாடைக்குள் நுழைந்து வருகிற அந்தக் கை யாருடையது என்று சட்டெனச் சொல்ல முடியாது. அந்தக் குழப்பம்தான் ஓவியம். கீழ் இடது ஓரத்தில் கறுப்பு உடையில் இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவர் சின்யோரெல்லி, பின்னால் நிற்பவர் ஃபிரா ஆஞ்சலிக்கோ. தனக்கு முன்னால் வேலையைத் தொடங்கியவருக்கு அவர் செய்த மரியாதை. வலப்பக்கச் சுவரில் உயிர்த்தெழுதல்: வெளுத்த வெறுந்தரையிலிருந்து மனிதர்கள் சேற்றிலிருந்து ஏறுவது போலக் கையூன்றி ஏறுகிறார்கள். ஓரமாக எலும்புக்கூடுகள் பல்லைக் காட்டிக்கொண்டு தங்கள் சதைக்காகக் காத்திருக்கின்றன.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1897இல் இதைப் பார்த்தார். மறு வருடம் ஹெர்ஸகோவினா பக்கம் பயணத்தில், உடன் வந்தவரிடம் இந்த ஓவியத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓவியர் பெயர் வரவே இல்லை. பொத்திச்செல்லி வந்தது, பொல்த்ராஃபியோ வந்தது, சின்யோரெல்லி வரவில்லை. மறதி ஏன் வருகிறது என்று அவர் எழுதிய கட்டுரை அங்கிருந்து பிறந்தது. படங்கள் மனதில் பளிச்சென்று இருந்தனவாம், பெயர்தான் இல்லை. நீங்களும் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துச் சோதித்துப் பாருங்கள்.

வெளியே வந்தால் இடப்பக்கம் போப்புகளின் மாளிகைகள். கிளமென்ட் தங்கியபோது 1528இல், எட்டாம் ஹென்றியின் திருமண ரத்துக்காக இங்கிலாந்துத் தூதர்கள் இங்கே வந்தார்கள். திரைச்சீலை இல்லாத சுவரும் இடிந்த கூரையுமாகப் போப் இருந்ததை ஊருக்கு எழுதி அனுப்பினார்கள். ஆங்கிலத் திருச்சபை பிரிந்த கதையின் ஒரு பக்கம் இந்தச் சிறிய ஊரில் நடந்தது.

ஆறாவது படி: மறுநாள் காலை, மேற்கு ஓரம்

காலையில் சதுக்கத்துக்கு எதிரே ஃபைனா அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுங்கள். கல்லறைகளில் கிடைத்த எட்ருஸ்க, கிரேக்கச் சாடிகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் சொந்த இடத்துக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் போகப் போகிறோம்.

அப்புறம் யாரும் அதிகம் போகாத சான் தொமெனிக்கோ. உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று படும். ஆலயம் அகலமாக இருக்கிறது, நீளமே இல்லை. 1930களில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரி கட்ட முசோலினி அரசு இதன் நீண்ட கூடத்தை இடித்துவிட்டது. மிஞ்சியது குறுக்குப் பகுதி மட்டும். அதற்குள் சிற்பி அர்னொல்ஃபோ தி காம்பியோ செய்த கர்தினால் தெ ப்ரேயின் கல்லறை தப்பியிருக்கிறது. 1282இல் இறந்த கர்தினால் படுத்திருக்க, இரண்டு சிறு உருவங்கள் இரு பக்கமும் திரையை இழுக்கின்றன. மூடுகிறார்களா திறக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டே நிற்கலாம். மேலே இருக்கும் மாதா, ஒரு பழைய ரோமானியச் சிலையை மாற்றிச் செதுக்கியது என்று பழுதுபார்க்கும்போது தெரியவந்தது.

பிறகு மேற்கே, தெருக்கள் குறுகிக்கொண்டே போகும் பழைய பேட்டை வழியாக, பாறை விளிம்பில் சான் ஜொவெனாலே. 1004ஆம் ஆண்டில் எழுந்தது. உள்ளே சுவரெல்லாம் வெவ்வேறு நூற்றாண்டு ஓவியங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக உரிந்து. சீட்டு இல்லை, கூட்டம் இல்லை. பேராலயத்தைவிட இங்கே அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாவது படி: கீழே, கல்லறைத் தெருவுக்கு

வந்த வழியே திரும்பாமல் மேற்கே தெல்லா காவா தெரு வழியாக இறங்குங்கள். ‘காவா’ என்றால் கல் வெட்டி எடுக்கும் குழி, அந்தத் தெருவே பாறையை அறுத்துப் போனதுதான். முடிவில் போர்த்தா மஜோரே, ஊரின் மிகப் பழைய வாசல். மேலே மாடத்தில் உட்கார்ந்திருப்பவர் போப் எட்டாம் போனிஃபேஸ். வெளியே வந்தால் பாறையின் அடிவாரத்தைச் சுற்றி அனெல்லோ தெல்லா ரூப்பே என்ற நடைபாதை, மொத்தம் ஐந்து கிலோமீட்டர். வலது பக்கமாக, பாறையை ஒட்டியே நடந்தால் வடக்கு ஓரத்தில் குரொச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ கல்லறைத் தோட்டம் வரும். அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ரயில் நிலையத்துக்கு இறங்கிவிடலாம்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த இடம் ஒரு தெரு மாதிரி இருக்கிறது. நேர்கோட்டில் சந்துகள், இரு பக்கமும் ஒரே அளவில் ஒட்டி ஒட்டி வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கல்லறை, வெட்டிய தூஃபோ கட்டிகளைச் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கியது. குனிந்து உள்ளே போனால் இரண்டு கல் திண்ணைகள், உடலைக் கிடத்த. பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் பெரிதாக இல்லை.

வாசலின் மேல்கல்லைப் பாருங்கள். எட்ருஸ்க எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டு தெளிவாகத் தெரியும், இல்லாவிட்டால் விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தடவாதீர்கள், கல் மாவு போல உதிரும். பெரும்பாலும் ‘மி’ என்று ஆரம்பிக்கிறது. ‘நான்’ என்று பொருள். அடுத்து ஆளின் பெயர், அதற்கடுத்துக் குடும்பப் பெயர். ‘நான் இன்னாருடையது’ என்று வீடே பேசுகிறது. ரோமானியர் சிலைகளை அள்ளிப்போன பிறகும் வாசல்கள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தலைக்கு மேலே செங்குத்தாகப் பாறை, அதன் மேல் ஊர். அங்கிருந்து எந்தச் சத்தமும் கீழே வராது, மௌரிட்ஸியோவின் சுத்தியல்கூட.